பென்சில் ஷேடிங் அழியாமல் மொபைலில் கலர் அடிப்பது எப்படி? யாளி முதல் வேதாளம் வரை... முழு விளக்கம்

ஒரு யாளி. அல்லது ஒரு வேதாளம். அல்லது மூன்று கண் கொண்ட ஒரு காட்டு ராட்சசன். இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து, பென்சிலில் நிழல் தேய்த்துத் தேய்த்து வரைந்தால் படம் தாளில் இருந்து எழுந்து வருவது போல இருக்கும். அதையே போனில் போட்டோ எடுத்து, ஒரு ஆப்பில் கலர் அடித்ததும் என்ன ஆகிறது? படம் சப்பையாகிவிடும். இல்லையென்றால் சேறு பூசியது போல மங்கிவிடும். 'பென்சில்லயே நல்லா இருந்துச்சே, ஏன்டா கலர் அடிச்சே?' என்று நண்பர்கள் கேட்பார்கள்.

கலர் அடித்தவருக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. பென்சில் நிழல் என்ன வேலை செய்கிறது, கலர் என்ன வேலை செய்ய வேண்டும் என்ற ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒரு பென்சில், ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், ஒரு இலவச ஆப். இவ்வளவில் இதைச் செய்துவிடலாம்.

முக்கிய அம்சங்கள்

• பென்சில் ஷேடிங்கில் வெளிச்சமும் இருட்டும் ஏற்கெனவே இருக்கிறது. கலர் அதன் மேல் கண்ணாடித்தாள் போல உட்கார வேண்டும், சுவர் பெயின்ட் போல மூடக்கூடாது.
• கலரிங் கெட்டுப்போவதில் பாதி, படத்தை போட்டோ எடுக்கும்போதே நடந்துவிடுகிறது.
• 'மல்டிப்ளை', 'கலர்' என்ற இரண்டு லேயர் முறைகள் புரிந்தால் பெரும்பாலான வேலை முடிந்தது.
• ஏஐ-யிடம் கொடுத்தால் கலர் வரும். ஆனால் திரும்பி வருவது உங்கள் படமா என்பதுதான் கேள்வி.
• அடுத்தவர் வரைந்த படத்துக்குக் கலர் அடித்து வெளியிட அனுமதி தேவை.

தியாகதுருகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கள்ளக்குறிச்சி மாவட்டம் தியாகதுருகம் என்றதும் மலைக்கோட்டைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இந்த வட்டாரத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அது மரச்சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிகளில் செதுக்கப்படும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி உருவங்கள், கோயில் கதவு, தேர், வாகனம், யாளி, அன்னம் என்று இங்கே செதுக்கப்படும் பல உருவங்கள் கண்ணால் பார்த்து வரைய முடியாதவை. சிங்க உடம்பும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளியை யாரும் காட்டில் பார்த்தது கிடையாது. கற்பனையும் மரபும் சேர்ந்த உருவம் அது.

மரச்சிற்பிக்குக் கலர் தேவையில்லை. உளி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை நிழல் காட்டிக்கொடுத்துவிடும். பென்சிலில் ஷேடிங் போடுபவர் செய்வதும் இதைத்தான். எந்த இடம் முன்னால் வருகிறது, எந்த இடம் உள்ளே போகிறது என்பதை நிழலாலேயே சொல்கிறார். அதனால் ஷேடிங் போட்ட பென்சில் படத்தைத் தாளில் செதுக்கிய சிற்பம் என்றே நினைத்துக்கொள்ளலாம். அதற்குக் கலர் அடிக்கும்போது, செதுக்கிய பள்ளம் மேடு எல்லாம் மூடிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தியாகதுருகம் மாதிரி ஊர்களில் வரையத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சம் இல்லை. விலை உயர்ந்த டேப்லெட்டும் மாதச் சந்தா கட்டும் சாஃப்ட்வேரும் இருந்தால்தான் டிஜிட்டல் ஓவியம் என்ற எண்ணம்தான் பலரைத் தடுக்கிறது. உண்மையில் அப்படி இல்லை.

நிழல் வேற, நிறம் வேற: 'மாயாபஜார்' சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய படம் உதவும். 1957-ல் விஜயா புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பில், கே.வி.ரெட்டி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் வந்த 'மாயாபஜார்'. கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் லட்டுகளை விழுங்கும் காட்சி இன்றும் டிவியில் வந்தால் வீடே உட்கார்ந்து பார்க்கும். கருப்பு வெள்ளைப் படம். மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு.

2010-ல் இதன் தெலுங்குப் பதிப்பு டிஜிட்டல் முறையில் கலராக்கப்பட்டுத் தியேட்டர்களுக்கு வந்தது. அதற்கு முன்பே 2004-ல் இந்தியின் 'முகல்-இ-ஆஸம்' இதே போல கலரில் வந்திருந்தது.

இந்தப் படங்களைக் கலராக்கியவர்கள் புதிதாக வெளிச்சம் போடவில்லை. ரங்காராவின் கன்னத்தில் விழும் வெளிச்சம், கிரீடத்தின் மினுமினுப்பு, தூணின் நிழல் எல்லாமே 1957-லேயே படமாக்கப்பட்டுவிட்டது. அதன் மேல் நிறம் மட்டும் சேர்க்கப்பட்டது. அதே நேரத்தில், கருப்பு வெள்ளைப் படம் நிறத்தைப் பதிவு செய்வதில்லை. ஒரு பட்டு சிவப்பா பச்சையா என்று அது சொல்லாது. அதை மனிதர்கள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

ஷேடிங் போட்ட பென்சில் படமும் அப்படித்தான். வெளிச்சம் எல்லாம் தாளிலேயே முடிந்துவிட்டது. நிறம் என்ன என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்தால் போதும்.

இது புது விஷயமும் இல்லை. ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முதலில் சாம்பல் நிறத்தில் முழுப் படத்தையும் முடித்துவிட்டு, அதன் மேல் மெல்லிய வண்ணப் பூச்சுகளை அடுக்கினார்கள். நம்ம ஊர் போட்டோ ஸ்டூடியோக்களில் கருப்பு வெள்ளைக் கல்யாணப் போட்டோவுக்குக் கையால் கலர் தீட்டிக் கொடுத்ததும் அதே முறைதான். மெல்லிய வண்ணம் என்பதால் கீழே இருக்கும் முகம் மறையாது.

படி 1: பென்சில் வேலையிலேயே கலருக்கு இடம் விடுங்கள்

கலர் அடிக்கப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால், ஷேடிங்கை ஒரு பங்கு குறைத்துப் போட வேண்டும். தாள் முழுக்க 6பி பென்சிலால் கருகக் கருகத் தேய்த்தால் கலர் உட்கார இடமே இருக்காது. கருப்பின் மேல் எந்தக் கலர் போட்டாலும் கருப்புதான்.

பென்சிலில் ஹெச் என்று இருந்தால் கடினம், பி என்று இருந்தால் கருமை. நம்பர் ஏற ஏற அந்தக் குணமும் கூடும். கலர் அடிக்கும் படத்துக்கு ஹெச்பி, 2பி, 4பி மூன்றும் போதும். ரொம்பக் கருப்பான இடங்களைக் கண்மணி, மூக்குத் துவாரம், கவசத்தின் இடுக்கு என்று சில இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதை ஒரே ஒரு அம்புக்குறியாகத் தாளின் ஓரத்தில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. கலர் அடிக்கும்போது இது மறந்துபோகும். கொம்புக்கு இடது பக்கம் வெளிச்சம், வாலுக்கு வலது பக்கம் வெளிச்சம் என்று ஆகிவிட்டால் எவ்வளவு நல்ல கலரும் அதைக் காப்பாற்றாது.

படி 2: போட்டோ எடுப்பதில்தான் பாதி விஷயம்

பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். அதற்கு ஒரு பளபளப்பு உண்டு. நேராக வெளிச்சம் பட்டால் கருப்பான இடம் வெள்ளியாக மினுக்கும். அதனால் ஃபிளாஷ் கண்டிப்பாக வேண்டாம். நேர் வெயிலும் வேண்டாம்.

• காலையில், வெயில் நேராக விழாத திண்ணை அல்லது ஜன்னல் ஓரம் சரியான இடம்.
• போன் தாளுக்கு நேர் மேலே, சாய்வில்லாமல் இருக்க வேண்டும். ரொம்ப அருகில் வைக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் உருவம் வளையாது.
• உங்கள் நிழலோ, போனின் நிழலோ தாளில் விழக்கூடாது.
• ஸ்கேனர் ஆப்களில் 'டாக்குமென்ட்' முறையைத் தவிர்க்கவும். அது எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டது. மெல்லிய நிழலை எல்லாம் அழுக்கு என்று நினைத்து அழித்துவிடும்.

ஊரில் ஜெராக்ஸ் கடையிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ ஸ்கேனர் இருந்தால் இன்னும் நல்லது. '300 டிபிஐ, கிரேஸ்கேல்' என்று கேட்டு வாங்குங்கள். ஏ4 தாள் 300 டிபிஐ-யில் 2480 க்கு 3508 பிக்ஸல், அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகளாக வரும். அச்சடித்தாலும் தெளிவாக இருக்கும். ஸ்கேன் செய்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆகவோ, மெயிலிலோ, பென் டிரைவிலோ வாங்குங்கள்.

படி 3: எந்த ஆப்?

போனில் என்றால் 'ஐபிஸ்பெயின்ட் எக்ஸ்'. ஜப்பானில் உருவான ஆப். விளம்பரங்களோடு இலவசமாகக் கிடைக்கிறது. லேப்டாப்பில் என்றால் 'கிருதா', 'கிம்ப்' இரண்டும் முழுக்க இலவசம். வீட்டில் அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப் சும்மா கிடந்தால் கிம்ப்பை அதில் போட்டுப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் 'ஃபோட்டோஷாப்', ஐபேடில் இயங்கும் 'புரோகிரியேட்' எல்லாவற்றிலும் கீழே சொல்லும் முறை ஒன்றுதான்.

ஐபிஸ்பெயின்ட்டில் ஒரு எச்சரிக்கை. போட்டோவை உள்ளே எடுத்ததும், அதில் இருந்து கோட்டோவியத்தை மட்டும் பிரித்தெடுக்கவா என்று கேட்கும். மையில் வரைந்த கோட்டுப் படத்துக்கு அது அருமையான வசதி. ஷேடிங் போட்ட படத்துக்கு 'ஓகே' கொடுத்தால் மெல்லிய நிழல்கள் காலி. 'கேன்சல்' கொடுத்துவிடுங்கள்.

அடுத்து 'லெவல்ஸ்'. போட்டோவில் வெள்ளைத் தாள் சாம்பலாகத் தெரியும். லெவல்ஸில் வலது பக்கம் இருக்கும் வெள்ளை முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகர்த்தினால் தாள் வெளுக்கும். மிக மெல்லிய நிழல் மறைய ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு புள்ளி முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

படி 4: மல்டிப்ளை என்றால் என்ன? சின்னக் கணக்கு

லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள். பென்சில் படம் மேல் தாளில் இருக்கட்டும். அதன் முறையை 'மல்டிப்ளை' என்று மாற்றுங்கள். கலர்கள் எல்லாம் அதற்குக் கீழே உள்ள தாள்களில்.

மல்டிப்ளை என்றால் பெருக்கல். வெள்ளையை 1 என்றும், கருப்பை 0 என்றும் ஆப் வைத்துக்கொள்கிறது. கீழே இருக்கும் கலரை மேலே இருக்கும் எண்ணால் பெருக்குகிறது. பென்சில் படாத வெள்ளை இடம் என்றால் ஒன்றால் பெருக்கல், அதனால் கலர் அப்படியே தெரியும். கரிய இடம் என்றால் பூஜ்யத்தால் பெருக்கல், அதனால் கருப்பாகவே இருக்கும். நடுத்தரச் சாம்பல் என்றால் கலர் பாதியாகும்.

உதாரணமாக, தோலுக்கு சிவப்பு 230, பச்சை 180, நீலம் 140 என்று ஒரு கலர் வைத்திருக்கிறீர்கள். அதன் மேல் பாதி அளவு சாம்பல் நிழல் இருந்தால் அது 115, 90, 70 ஆக மாறும். அதே தோல் நிறம்தான், நிழலில் இருக்கும் தோலாகத் தெரியும். உங்கள் பென்சிலே நிழல் கலரைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. இதனால்தான் கலரைத் தட்டையாக, ஒரே சீராக அடித்தாலே போதுமானதாக இருக்கிறது. 

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லேயர் வைத்துக்கொள்ளுங்கள். தோல் ஒன்று, முடி ஒன்று, நகை ஒன்று, துணி ஒன்று, பின்னணி ஒன்று. நாளைக்கு 'யாளியோட உடம்பு பச்சையா இருந்தா எப்படி இருக்கும்?' என்று தோன்றினால் அந்த ஒரு லேயரை மட்டும் மாற்றினால் போதும். விரலால் வரைபவர்கள் ஓரம் தவறாமல் இருக்க, படத்தைப் பெரிதாக்கி முதலில் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பிறகு உள்ளே 'பக்கெட்' கொண்டு நிரப்பலாம்.

படி 5: 'சேறு' பிரச்னையை எப்படித் தீர்ப்பது?

இங்கதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மல்டிப்ளை போட்டதும் வெளிச்சப் பகுதி நன்றாக இருக்கும். நிழல் பகுதி மட்டும் புகை படிந்தது போல, உயிரில்லாமல் இருக்கும். காரணம், பென்சிலின் சாம்பலுக்கு நிறம் கிடையாது. நிஜ உலகில் நிழலுக்கும் நிறம் உண்டு. வெட்டவெளியில் வெயில் மஞ்சளாகவும், நிழலில் வானத்தின் நீலமும் கலந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் நிழல் ஓரம் செம்பழுப்பாகத் தெரியும்.

தீர்வு 1: பென்சில் லேயரையே கொஞ்சம் நிறமாக்குவது. அதில் 'கிரேடியன்ட் மேப்' என்ற ஃபில்டரைப் போட்டு, கருப்பு இருக்கும் இடத்துக்கு அடர் பழுப்பு அல்லது அடர் ஊதா, வெள்ளை இருக்கும் இடத்துக்கு வெள்ளையே என்று கொடுங்கள். பென்சில் கோடு அப்படியே இருக்கும். புகை போய் ரத்த ஓட்டம் வந்துவிடும். உயிருள்ள உருவத்துக்கு அடர் பழுப்பு பொருந்தும். பேய், பிசாசு, நிலா வெளிச்சம் என்றால் அடர் நீலம்.

தீர்வு 2: 'கலர்' என்ற முறை. இது மல்டிப்ளைக்கு நேர் எதிரான குணம் கொண்டது. இந்த லேயரைப் பென்சில் படத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே உள்ள வெளிச்சம், இருட்டு எதையும் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றும். நிழலில் கொஞ்சம் ஊதா, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு என்று தடவ இது வசதி.

அப்படியானால் முதலிலேயே இதை மட்டும் வைத்து முழுப் படத்தையும் முடிக்க முடியாதா? முடியாது. 'கலர்' முறை வெள்ளையை வெள்ளையாகவே விட்டுவிடும். தாளில் பென்சில் படாத இடத்தில் எவ்வளவு தேய்த்தாலும் நிறம் ஏறாது. அதனால் முதலில் மல்டிப்ளையில் அடித்தளம், பிறகு 'கலர்' முறையில் திருத்தம் என்று இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

படி 6: கடைசியாக வெளிச்சம்

மல்டிப்ளை எதையும் இருட்டாக மட்டுமே ஆக்கும், பளிச்சென்று ஆக்காது. அதனால் வேதாளத்தின் கண் ஒளிர வேண்டும், கத்தியின் முனை மின்ன வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர் வைத்து, 'ஸ்கிரீன்' அல்லது 'ஆட்' முறையில் சின்னதாகத் தொட வேண்டும். முகத்தில் நாலைந்து இடம் போதும். பத்து இடம் மின்னினால் கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திணறும்.

ஒளிரும் பொருளின் வெளிச்சம் பக்கத்தில் இருப்பதன் மேலும் விழ வேண்டும். நெருப்புக் கண் என்றால் கன்னமேட்டில் லேசான ஆரஞ்சு தெரிய வேண்டும். இதை மறந்தால் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கும்.

இல்லாத உருவத்துக்கு என்ன நிறம்?

மாம்பழத்துக்குக் கலர் அடிக்க மாம்பழத்தைப் பார்த்தால் போதும். யாளிக்கு எதைப் பார்ப்பது? இதுதான் கற்பனை உருவங்களின் சிக்கலும் சுவாரசியமும்.

தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முகத்தில் பூசிய நிறம், கிரீடம், புஜக்கட்டை எல்லாம் சேர்ந்து, திரை விலகியதுமே வந்திருப்பது எந்த மாதிரி ஆள் என்று சொல்லிவிடும். கற்பனை உருவத்திலும் நிறம்தான் குணத்தைச் சொல்கிறது.

எளிமையான வழி ஒன்று உண்டு. உருவம் கற்பனையாக இருக்கட்டும், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நிஜப் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாளியின் உடம்புக்கு ஊர்க் கோயில் தூணின் கருங்கல் நிறம், பிடரிக்குக் காய்ந்த சோளத்தட்டை நிறம், தந்தத்துக்குப் பழைய மரச்சீப்பின் மஞ்சள். வேதாளத்தின் தோலுக்குச் சாம்பலும் வெளிறிய பச்சையும், அது தொங்கும் மரத்துக்கு முருங்கைப் பட்டையின் நிறம். நிஜப் பொருளில் இருந்து நிறம் எடுத்தால், இல்லாத உருவமும் இருப்பது போலத் தெரியும்.

எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துங்கள். ஒரு முக்கிய நிறம், அதற்குத் துணையாக ஒன்று, எதிராக ஒன்று. நெருப்புப் பிடித்த மாதிரி சிவப்பு ஒரு இடத்தில் மட்டும் இருந்தால்தான் அது நெருப்பு.

தமிழில் கற்பனை உருவம் என்றால் தவிர்க்க முடியாத பெயர், 'அம்புலிமாமா' ஓவியர் சங்கர் என்ற கே.சி.சிவசங்கரன். 1924-ல் தாராபுரம் பக்கம் பிறந்தவர். கையில் வாள், தோளில் வேதாளம் என்று சுடுகாட்டில் நடந்துவரும் விக்கிரமாதித்தனின் அந்தப் படத்தைக் கொடுத்தவர். 2020-ல், 96 வயதில் மறைந்தார். 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 'அம்புலிமாமா'வைத் தொடங்கிய நாகிரெட்டி, சக்கரபாணிதான் 'மாயாபஜார்' எடுத்த விஜயா புரொடக்‌ஷன்ஸின் முதலாளிகளும். வேதாளமும் கடோத்கஜனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வேதாளத்தின் தோலுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். ஆனால் ராஜாவின் நடையும், தோளில் இருக்கும் பாரமும் எல்லோர் மனதிலும் ஒன்றேதான். வரைந்தவரின் கோடு செய்த வேலை அது.

ஏஐ ஒரே நொடியில் செய்துவிடுகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு வேலை?

நியாயமான கேள்வி. 2025 மார்ச்சில் 'ஜிப்லி' ஸ்டைல் படங்கள் சமூக வலைத்தளங்களை நிரப்பியது பலருக்கும் நினைவிருக்கும். பென்சில் படத்தையும் அதே போலக் கொடுத்து 'கலர் பண்ணு' என்று சொன்னால் சில நொடிகளில் பளபளவென்று ஒரு படம் வந்துவிடும்.

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை, பழைய கருப்பு வெள்ளைப் போட்டோவுக்குத் தானாகக் கலர் சேர்க்கும் கருவிகள். இவை பொதுவாக வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் ஊகிக்கும். ஆனால் இவை பெரும்பாலும் நிஜப் புகைப்படங்களைப் பார்த்துப் பழகியவை. யாளியைப் பார்த்ததும் நாய் என்று நினைத்துப் பழுப்பு அடித்துவிடலாம். ராட்சசனுக்கு மனிதத் தோல் போட்டுவிடலாம்.

இரண்டாவது வகை, படத்தை உருவாக்கும் ஏஐ. இது உங்கள் படத்தின் மேல் கலர் அடிப்பதில்லை. அதைப் பார்த்து இன்னொரு படத்தைப் புதிதாக வரைகிறது. நீங்கள் போட்ட துதிக்கை வளைவு மாறியிருக்கும். கழுத்தில் மூன்று சரம் மாலை இரண்டாகியிருக்கும். நீங்கள் வேண்டுமென்றே கோணலாக வரைந்த முகத்தை அது நேராக்கியிருக்கும். இரண்டு நாள் தேய்த்த பென்சில் தடம் எங்கேயும் இருக்காது. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது உங்கள் கை இல்லை.

கற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நிழலுக்கு ஊதா போடலாமா பழுப்பா என்று பத்து தடவை மாற்றிப் பார்ப்பவருக்கு அடுத்த படத்தில் கண் தெளிந்திருக்கும். பட்டனை அழுத்தியவருக்கு அடுத்த படத்திலும் பட்டன்தான்.

அதற்காக ஏஐ-யைத் தொடவே கூடாது என்று இல்லை. உங்கள் யாளியை நாலு விதக் கலரில் காட்டச் சொல்லி, நிறச் சேர்க்கையை மட்டும் பார்த்துக்கொண்டு, உங்கள் தாளில் உங்கள் கையால் அடிக்கலாம். எந்தப் படத்தை உள்ளே ஏற்றுகிறோம், அந்த நிறுவனம் அதை என்ன செய்யும் என்ற விதிமுறையைப் படித்துவிட்டு ஏற்றுவது நல்லது.

அடுத்தவர் வரைந்த படத்துக்குக் கலர் அடிக்கலாமா?

வீட்டில் பழகிப் பார்ப்பது வேறு. இன்ஸ்டாகிராமில் போடுவது, டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது வேறு.

• இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, ஒரு ஓவியம் உயர்ந்த கலையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளி மாணவர் நோட்டில் வரைந்த சொந்தப் படத்துக்கும் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் இல்லை.
• பொதுவாக ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை தொடரும். ஓவியர் ஒரு பத்திரிகையில் சம்பளத்துக்கு வரைந்திருந்தால் உரிமை அந்த நிறுவனத்திடமும் இருக்கலாம். அதனால் 'பழைய படம்தானே' என்று எடுத்துவிடக் கூடாது.
• சட்டத்தின் 57-வது பிரிவு ஓவியருக்கு இன்னும் ஒன்றைத் தருகிறது. படம் கைமாறிய பிறகும், அதைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் செய்தால் அவர் கேள்வி கேட்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்து அகற்றப்பட்ட தன் சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது.

அப்படியானால் எதை வைத்துப் பழகுவது? உரிமைக் காலம் முடிந்த படங்கள் நிறைய இருக்கின்றன. 1883-ல் மறைந்த பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் படங்களில் அரக்கர்கள், விசித்திர மிருகங்கள், பாதாளக் காட்சிகள் என்று கருப்பு வெள்ளை நிழலிலேயே ஒரு உலகம் இருக்கிறது. மல்டிப்ளை பழக அதைவிட நல்ல களம் கிடைக்காது.

ஊர்க் கோயில் தூணில் இருக்கும் யாளியை நேரில் உட்கார்ந்து பென்சிலில் வரைந்து பழகுவது இன்னும் நல்லது. வரைவதும் கலர் அடிப்பதும் இரண்டுமே உங்களுடையதாக இருக்கும்.

இது நீங்களே வரைந்தது என்று எப்படி நிரூபிப்பது?

போட்டிக்கு அனுப்பினாலும், ஆர்டர் எடுத்து வரைந்து கொடுத்தாலும் இப்போது முதலில் வரும் கேள்வி, 'இது ஏஐ-யா?' என்பதுதான். பென்சிலில் தொடங்குபவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கையில் தாள் இருக்கிறது.

• பென்சில் மூலப்படத்தைத் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். தூக்கிப் போடாதீர்கள்.
• லேயர்களோடு உள்ள கோப்பை அழிக்காதீர்கள். வெளியிட மட்டும் தனியாகப் பிஎன்ஜி அல்லது ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள்.
• ஐபிஸ்பெயின்ட் வரைந்த விதத்தை வீடியோவாகவே சேமித்துத் தரும். ஒவ்வொரு கலரும் எப்போது வந்தது என்று அதில் தெரியும்.

எங்கே முறையாகப் படிக்கலாம்?

பிளஸ் டூ முடித்தவர்களுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கப்பட்டது. சிற்பத்தில் ஆர்வம் என்றால் மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக் கல்லூரி இருக்கிறது. அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பக்கம் போக நினைப்பவர்கள் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் படிப்பைப் பார்க்கலாம். இதுபோன்ற இடங்களில் சேரும்போது சாஃப்ட்வேர் தெரியுமா என்பதைவிட, கை ஓடுகிறதா, நிழல் புரிகிறதா என்பதுதான் முதலில் உதவும். சாஃப்ட்வேரை அங்கே போய்க்கூடக் கற்றுக்கொள்ளலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: ஒரு பார்வை

• பென்சில் லேயரின் மேலேயே நேரடியாகச் சாதாரண முறையில் கலர் அடிப்பது. ஷேடிங் மூடிப்போகும்.
• கருப்புக் கலரைப் போட்டு மறுபடியும் நிழல் வரைவது. நிழல் ஏற்கெனவே இருக்கிறது. இரட்டை நிழல் படத்தைக் கருக்கிவிடும்.
• போனின் பிரைட்னஸை முழுதாக ஏற்றி வைத்துக் கலர் அடிப்பது. அச்சடிக்கும்போது படம் இருண்டு வரும். இன்னொரு போனிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.
• எல்லாப் பாகத்தையும் ஒரே லேயரில் அடிப்பது. ஒன்றைத் திருத்தப் போனால் எல்லாம் கலையும்.
• முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் நிறுத்தாமல் தொடர்வது.

கலர் அடித்த படத்தில் இருந்து எப்போது வேண்டுமானாலும் நிறத்தை எடுத்துவிட்டு, கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். தாளில் இருந்த அதே உருவம், அதே ஆழத்தோடு தெரிந்தால் கலர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. தெரியவில்லை என்றால், ஷேடிங்கை எந்த லேயர் மூடியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.